கடைசி மெய்க்கு ஓர் இருக்கை: கொரிய விசைப்பலகை பிறந்த கதை

ஒரு கணினியில் கொரிய மொழியைத் தட்டச்சு செய்ய ஏற்பாடு செய்வது இன்று சில நிமிட வேலை. விண்டோஸில் அமைப்புகளைத் திறந்து, மொழிப் பட்டியலில் கொரியனைச் சேர்த்தால் போதும், உள்ளீட்டு நிரல் தானாக இறங்கிக்கொள்ளும். அதன் பிறகு வலது ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால் கொரியன், மறுமுறை தட்டினால் ஆங்கிலம். லினக்ஸ்காரர்கள் ஐபஸ்-ஹங்குல் என்ற சிறு நிரலை நிறுவிக்கொள்கிறார்கள். ஆப்பிள் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். கொரியாவிலேயே விற்கும் விசைப்பலகை என்றால் ஸ்பேஸ் பாருக்கு இருபுறமும் கூடுதலாக இரண்டு விசைகள் இருக்கும். ஒன்று மொழி மாற்ற. இன்னொன்று ஹன்ஜா எனப்படும் சீன எழுத்துகளை வரவழைக்க.

நிறுவி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். க் என்ற ஒலிக்குரிய விசையை அழுத்துங்கள், அந்த மெய் திரையில் வரும். அடுத்து அகரத்தை அழுத்துங்கள், இரண்டும் சேர்ந்து ‘க’ ஆகும். இப்போது ந் விசை. அது ‘க’வின் காலடியில் போய் உட்கார்ந்து, ‘கன்’ என்ற ஒரே சதுரக் கட்டமாகிவிடும். மறுபடி அகரத்தை அழுத்தினால்தான் விந்தை. உட்கார்ந்த ந் எழுந்து, பக்கத்துக் கட்டத்துக்குத் தாவி, ‘க’, ‘ந’ என இரண்டு கட்டங்களாகப் பிரிந்து நிற்கும். ஓரிடத்தில் தெரிந்து மறுகணம் வேறிடத்தில் எரியும் பேய்நெருப்பின் பெயரையே கொரியர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள்: தோக்கேபிபுல்.

இந்தத் தாவலுக்குப் பின்னால் நூறு ஆண்டுச் சண்டை இருக்கிறது. அசையின் கடைசியில் வரும் மெய்யைக் கொரியர்கள் பாட்சிம் என்பார்கள். அதற்கு விசைப்பலகையில் தனி இடம் கொடுப்பதா, வேண்டாமா என்பதே சண்டை. தட்டச்சுப் பொறிகள் உருவானதும், அரசாணைகள் பிறந்ததும், குறியேற்றத் தரங்கள் உடைந்து மீண்டும் எழுந்ததும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கேள்வியின் வேர் 15ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. ஜோசன் அரச மரபின் நான்காம் மன்னரான செஜோங் 1443இல் இன்று ஹங்குல் எனப்படும் புதிய எழுத்தை உருவாக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர்கள் சீன எழுத்தில்தான் எழுதினார்கள், அதைக் கற்க எளிய மக்களுக்கு வழியில்லை. செஜோங் தந்தவை 28 எழுத்துகள். இன்று புழக்கத்தில் இருப்பவை 14 மெய், 10 உயிர். மெய்யெழுத்துகளின் வடிவம், அவற்றை ஒலிக்கும்போது நாவும் உதடும் தொண்டையும் கொள்ளும் வடிவத்திலிருந்து வந்தது. எழுத்துகளை வரிசையாக எழுதாமல், முதல் மெய், உயிர், கடைசி மெய் மூன்றையும் ஒரு சதுரத்துக்குள் அடுக்க வேண்டும். கடைசி மெய்க்குத் தனி எழுத்து வேண்டியதில்லை, முதலில் வரும் மெய்களையே மறுபடி பயன்படுத்தலாம் என்பது செஜோங் வகுத்த விதி.

தூரிகையால் எழுதும் காலத்துக்கு அது மிகச் சிக்கனமான விதி. எழுதுகிறவருக்குத் தான் எந்த அசையை எழுதப்போகிறோம் என்பது முன்பே தெரியும். இரும்பு அச்சுகளைத் தாளில் அடிக்கும் பொறிக்கு அது தெரியாது. தமிழில் மெய் தனித்து நிற்பதைப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். கொரியனில் அப்படி ஓர் அடையாளம் கிடையாது. இப்போது வந்த மெய் முந்தைய அசையை மூடுகிறதா, அடுத்த அசையைத் திறக்கிறதா என்பதை அதற்கு அடுத்த எழுத்து வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

முதலில் முயன்றவர்கள் அமெரிக்காவில் வாழ்ந்த கொரியர்கள். 1910களில் லீ வொன்-இக் ஓர் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை மாற்றியமைத்தார். 1934இல் சோங் கி-ஜு, அண்டர்வுட் நிறுவனப் பொறியைக் கொண்டு இன்னொன்றைச் செய்தார். அன்று கொரிய எழுத்து மேலிருந்து கீழாக எழுதப்பட்டது. அதனால் எழுத்துகளைப் படுக்கவைத்து இடமிருந்து வலமாக அடித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. சாமர்த்தியமான வழிதான். ஆனால் அன்றாட வேலைக்கு உதவும் வேகம் அதில் கிடைக்கவில்லை.

வேகத்தைக் கொண்டுவந்தவர் ஒரு கண் மருத்துவர்.

கோங் பியோங்-ஊ இன்றைய வடகொரியாவில் இருக்கும் பியோக்தோங் பகுதியில் பிறந்தவர். 1938இல் சோலில் சொந்தமாகக் கண் மருத்துவமனை தொடங்கினார். கொரியர் ஒருவர் நடத்திய முதல் தனியார் கண் மருத்துவமனை அது. ஜப்பானிய ஆட்சி கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம். கண்ணைக் காட்ட வந்த நோயாளிகளில் ஒருவர் லீ குக்-ரோ. கொரிய மொழிக் கழகத்தின் தலைவர்களில் ஒருவரான அவர், மருத்துவரிடம் நோயைப் பற்றிப் பேசியதைவிட ஹங்குலைப் பற்றிப் பேசியது அதிகம். ஜப்பானிய மொழியில் படித்து, ஜப்பானிய மொழியில் ஆய்வு எழுதிய கோங்குக்குத் தாய்மொழி எழுத்தின் பெருமை அங்கேதான் உறைத்தது. 1942இல் அந்தக் கழகத்தார் பலரை ஜப்பானியக் காவல்துறை சிறையில் தள்ளியது.

1945இல் விடுதலை வந்தது. மருத்துவ மாணவர்களுக்குத் தாய்மொழியில் ஒரு கண் மருத்துவ நூல்கூட இல்லை. தான் ஜப்பானிய மொழியில் எழுதியதைக் கொரியனுக்கு மாற்ற உட்கார்ந்த கோங், கையால் எழுதுவது எவ்வளவு மெதுவான வேலை என்று கண்டார். இருந்த கொரியத் தட்டச்சுப் பொறிகளை வரவழைத்துப் பார்த்தார், எதுவும் திருப்தி தரவில்லை. ஆங்கிலப் பொறி ஒன்றை வாங்கி அக்கக்காகக் கழற்றினார். பொறியியல் படிக்காத ஒரு மருத்துவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மருத்துவமனையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரும்புக் கம்பிகளோடு போராடினார். 1949இல் பொறி முடிந்தது.

அவர் செய்த முடிவு எளிமையானது, துணிச்சலானது. விசைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் மெய்களுக்கு வலப்பக்கம், உயிர்களுக்கு நடு, கடைசி மெய்களுக்கு இடப்பக்கம். ஒரே ஒலியாக இருந்தாலும் அசையின் தொடக்கத்தில் வருவதற்கு ஒரு விசை, முடிவில் வருவதற்கு வேறொரு விசை. செஜோங் சேர்த்துவைத்ததை இவர் பிரித்துவைத்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கட்டத்துக்குள் முதல், நடு, கடை என்ற மூன்று இடங்களையும் முதலில் வகுத்தவர் செஜோங்தான். கோங் அந்த மூன்று இடங்களை அப்படியே விரல்களுக்குக் கொடுத்தார். மூன்று கூட்டம் என்பதால் இந்த முறைக்குச் செபோல்சிக் என்று பெயர்.

பொறிக்குள்ளும் ஒரு நுட்பம் செய்தார். அச்சுக் கம்பி தாளைத் தொடும் இடம் சாதாரணமாக ஒன்றுதான் இருக்கும். கோங் அதை இரண்டாக்கினார். கேரேஜ் நகர்ந்த பிறகும் கடைசி மெய்யின் கம்பி சற்றுப் பின்னால் போய், ஏற்கெனவே விழுந்த எழுத்துக்குக் கீழே அடித்துவிட்டு வரும். அடிக்கிறவர் எதையும் முன்கூட்டி யோசிக்க வேண்டியதில்லை. வாயில் வரும் வரிசையிலேயே விரல் ஓடலாம்.

விலையும் இருந்தது. கடைசி மெய் இல்லாத அசை உயரம் குறைவாகவும், உள்ள அசை கீழே நீண்டும் அச்சாயின. மேல்விளிம்பு நேராக, கீழ்விளிம்பு மேடு பள்ளமாக இருந்ததால், துணி காயும் கொடி மாதிரி இருக்கிறது என்று அந்த எழுத்துக்குப் பெயர் விழுந்தது. சதுரமான அழகு வேண்டும் என்றவர்களுக்காக 1950களின் இறுதியில் கிம் தோங்-ஹூன் ஐந்து கூட்டப் பொறி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் முதல் மெய்க்கு இரண்டு வடிவம், உயிருக்கு இரண்டு வடிவம், கடைசி மெய்க்கு ஒன்று. அழகாகத்தான் அடித்தது. ஆனால் ஒவ்வோர் உயிரை அழுத்தும் முன்பும், இதற்குக் கீழே மெய் வருமா வராதா என்று யோசித்துச் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்றிதழ் எழுதுகிறவருக்கு அது சரி. போர்முனைச் செய்தி அடிக்கிறவருக்கு ஆகாது.

அந்த ஐந்து கூட்டப் பொறிக்கு முன்பே போர் வந்துவிட்டிருந்தது. 1950இல் தொடங்கிய கொரியப் போரின் போது, கடற்படைத் தளபதி சோன் வொன்-இல் கோங் பொறியின் வேகத்தைப் பார்த்துக் கடற்படையில் புகுத்தினார். பிறகு மற்றப் படைகளும் அதை எடுத்துக்கொண்டன. 1953 ஜூலை 27இல் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தின் கொரியப் பிரதி இந்தப் பொறியில் அடிக்கப்பட்டதுதான்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அலுவலகத்துக்கு ஒரு பொறி, பொறிக்கு ஒரு விசைவரிசை என்று குழப்பம் பெருகியது. 1969இல் அரசு தலையிட்டது. கோங்கின் மூன்று கூட்டமும் வேண்டாம், கிம்மின் ஐந்து கூட்டமும் வேண்டாம் என்று, தட்டச்சுப் பொறிக்கு நான்கு கூட்டமும், தந்தித் தட்டச்சுக்கு இரண்டு கூட்டமுமாகத் தரம் அறிவித்தது. வேகமும் முழுதாக இல்லை, அழகும் முழுதாக இல்லை. சமரசம் என்று சொல்லி இரண்டையும் இழந்த முடிவு அது என்பதே என் கருத்து. கோங் கடைசிவரை அதை எதிர்த்தார். அரசு அலுவலகங்களும் தட்டச்சுத் தேர்வுகளும் புதிய தரத்துக்கு மாறியதும் அவருடைய பொறிக்குச் சந்தை சுருங்கியது.

கணினி வந்ததும் ஆட்டம் மாறியது. இரும்புப் பொறி அடித்ததை அழிக்காது. கணினி அழிக்கும், திருத்தும், காத்திருக்கும். கடைசி மெய்யா முதல் மெய்யா என்று விரல் சொல்லாவிட்டாலும், அடுத்த விசை விழும்வரை பொறுத்திருந்து நிரல் முடிவு செய்துகொள்ளும். ஆகவே கடைசி மெய்க்குத் தனி விசையே தேவையில்லை என்றாயிற்று. மெய் ஒரு கூட்டம், உயிர் ஒரு கூட்டம், மொத்தம் இரண்டே கூட்டம். 1982இல் இந்தத் துபோல்சிக் முறை கணினிக்கான தேசியத் தரமாயிற்று. மெய்கள் இடக்கைக்கு, உயிர்கள் வலக்கைக்கு. இரட்டை மெய்களுக்கு ஷிப்ட். ஆங்கில எழுத்துகள் இருக்கும் 26 விசைகளுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது, எண் வரிசையைத் தொட வேண்டியதே இல்லை. நம்முடைய தமிழ்99 உயிர்களை இடப்பக்கமும் மெய்களை வலப்பக்கமும் வைத்திருக்கிறது. திசை மாறினாலும் எண்ணம் ஒன்றுதான்.

பேய்நெருப்பு பிறந்தது இங்கே. நிரல் ந்-ஐ முதலில் காலடியில் உட்கார வைப்பது ஓர் ஊகம், உயிர் வந்ததும் எழுப்பி அனுப்புவது திருத்தம். விசைவரிசையை மட்டும் மாற்றினால் கொரியன் அடிக்க முடியாமல், உள்ளீட்டு நிரல் என்று தனியாக ஒன்றை நிறுவ வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. அந்த நிரலுக்குள் முதல் மெய், உயிர், கடை என்று நிலைகளை மாற்றிக்கொண்டே போகும் சிறு கணிப்பு ஓயாமல் ஓடுகிறது.

துபோல்சிக்கின் உண்மையான குறை திரையில் இல்லை, கையில் இருக்கிறது. முதல் மெய்யும் கடைசி மெய்யும் இரண்டுமே இடக்கைக்குப் போவதால், ‘ஹன்-குல்’ என்று அடிக்கும்போது ன்னும் க்கும் அடுத்தடுத்து அதே கையில் விழுகின்றன. நாள் முழுக்க அடிப்பவர்களின் இடக்கை களைத்துப்போகும். செபோல்சிக்கில் வலம், நடு, இடம் என்று ஒரே திசையில் விரல்கள் உருண்டு போகின்றன. ஆனால் அதற்கு விசைகள் கூடுதலாக வேண்டும், எண் வரிசையிலும் எழுத்துகள் ஏறிவிடும், கற்க நாளாகும். இரண்டையும் பார்த்தவனாகச் சொல்கிறேன்: எழுத்தின் கட்டமைப்பை மதித்தது கோங்கின் முறை. எல்லோர் மேசைக்கும் போய்ச் சேர்ந்தது அரசின் முறை.

விசைப்பலகையில் முடிந்த சண்டை கணினியின் நினைவகத்தில் மறுபடி தொடங்கியது. அடித்த அசையை எப்படிச் சேமிப்பது? 19 முதல் மெய், 21 உயிர், கடைசி மெய் 27, அது இல்லாத நிலை ஒன்று. பெருக்கினால் 11,172 அசைகள். ஒரு வழி, 16 பிட்டில் ஒன்றை அடையாளத்துக்கு ஒதுக்கி, மூன்று இடங்களுக்கும் ஐந்தைந்து பிட் தருவது. ஜோஹாப் எனப்பட்ட இந்த முறையில் எந்த அசையையும் எழுதலாம். ஆனால் 1987இல் அரசு தரமாக்கியது வேறொன்றை. அடிக்கடி வரும் 2,350 அசைகளை மட்டும் பொறுக்கி, முழு எழுத்துகளாகவே எண் கொடுத்த பட்டியல் அது. அதிலேயே 4,888 ஹன்ஜா எழுத்துகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

பட்டியலில் இல்லாத அசையைக் கணினியில் எழுதவே முடியாது. 1990இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்பு ‘தோம்’ என்ற அசையில் தொடங்கியது. பட்டியலில் அது இல்லாததால் தொடரின் பெயரையே சரியாக அடிக்க முடியவில்லை. பெயரில் அபூர்வ அசை உள்ளவர்களின் பாடு இன்னும் மோசம். எந்த ஒலியையும் எழுத்தாக்கலாம் என்பதற்காகவே பிறந்த எழுத்து முறையில், சொந்தப் பெயரைக் கணினி ஏற்காத நிலை. இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஆயிரக்கணக்கான ஹன்ஜாவுக்கு இடம் கண்டவர்கள் ஹங்குலின் சொந்த அசைகளை வெளியே நிறுத்தினார்கள்.

மாற்று வழி மாணவர்களிடமிருந்து வந்தது. 1989இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ சான்-ஜின்னும் நண்பர்களும் ‘ஹங்குல்’ என்ற சொற்செயலியை வெளியிட்டார்கள். ஜோஹாப் வழியில் நின்றதால் அதில் எல்லா அசைகளையும் எழுத முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வயதான கோங் பியோங்-ஊ சோலில் ஹங்குல் பண்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கி, இந்த இளைஞர்களுக்கு அங்கே உட்கார்ந்து வேலை செய்ய இடம் கொடுத்திருந்தார். இரும்புக் கம்பியில் தான் தொடங்கியதை அவர்கள் நிரலில் தொடரட்டும் என்று நினைத்தவர் அவர். செபோல்சிக்கைக் கணினிக்கு ஏற்றபடி திருத்திய வடிவங்களும் அந்த மையத்திலிருந்தே வந்தன.

1998இல், ஆசிய நிதி நெருக்கடியில் அந்தச் சொற்செயலி நிறுவனம் தள்ளாடியபோது, நிரலை வளர்ப்பதை நிறுத்தினால் முதலீடு தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. செய்தி வந்ததும் நாடு கொந்தளித்தது. மக்கள் நிதி திரட்டினார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. விடுதலை நாளான ஆகஸ்ட் 15ஐப் பெயரில் தாங்கிய சிறப்புப் பதிப்பு 10,000 வொன் விலையில் விற்றது. ஒரு சொற்செயலிக்காக மக்கள் திரண்டதை வெறும் உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட முடியாது. தங்கள் எழுத்தைக் கணினியில் முழுமையாக எழுத முடியாமல் போன நாட்களை அவர்கள் அப்போதுதான் கடந்து வந்திருந்தார்கள்.

குறியேற்றச் சிக்கலுக்கு முடிவு தந்தது யூனிகோடு. அங்கும் முதல் சில ஆண்டுகளில் 6,656 அசைகள்தான் ஏறின, அவையும் அகரவரிசையில் இல்லை. கொரியா விடாமல் வாதாடியது. 1996 ஜூலையில் வந்த யூனிகோடு 2.0இல் பழைய இடம் முழுக்க அழிக்கப்பட்டு, 11,172 அசைகளும் புதிய இடத்தில் அகரவரிசைப்படி அமர்ந்தன. ஒரு மொழியின் எழுத்துகள் மொத்தமாக இடம் பெயர்ந்ததால் பழைய கோப்புகள் படிக்க முடியாமல் போயின. இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை என்று யூனிகோடு அமைப்பு உறுதி எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான். தமிழுக்கும் எல்லா உயிர்மெய்களுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று வாதிட்டவர்கள் கொரியனைத்தான் எடுத்துக்காட்டினார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றதன் பின்னணி இது.

புதிய அமைப்பின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. முதல் மெய்யின் வரிசை எண்ணை 21ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்டி, மொத்தத்தை 28ஆல் பெருக்கி, கடைசி மெய்யின் எண்ணைக் கூட்டி, அதனோடு 44032 சேர்த்தால் அசையின் யூனிகோடு எண் கிடைக்கும். ‘ஹன்’ என்ற அசையில் ஹ் 18, அகரம் 0, ன் 4. கணக்குப் போட்டால் 54620, அதுதான் அதன் இடம். முதல், நடு, கடை என்று மன்னர் வகுத்த மூன்று இடங்களும் இந்த ஒரு வரிக் கணக்குக்குள் தனித்தனியாக இருக்கின்றன. 0 முதல் 27 வரை தனி எண்வரிசையோடு பாட்சிமுக்கும் அங்கே இருக்கை கிடைத்துவிட்டது.

கோங் பியோங்-ஊ இதைப் பார்க்கவில்லை. 1995 மார்ச்சில் காலமானார். இறுதிச் சடங்கு வேண்டாம், உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதிவைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.

கொரிய நாடகங்களும் பாட்டுகளும் ஈர்த்தோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கொரிய ஆலைகளில் வேலைக்காகவோ, தமிழ் இளைஞர்கள் பலர் இப்போது கொரியன் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் கொரியனைச் சேர்த்ததும் உள்ளீட்டு நிரலின் அமைப்பைத் திறந்து, விசைப்பலகை வகை என்ற பட்டியலைப் பாருங்கள். மேலே துபோல்சிக் இருக்கும், அதற்குக் கீழே செபோல்சிக் 390, செபோல்சிக் இறுதி வடிவம் என இரண்டு இருக்கும். பெரும்பாலோர் அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை. நாளெல்லாம் அடிக்கப் போகிறவராக இருந்தால் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்துச் சில வாரம் பழகிப் பாருங்கள். துபோல்சிக்கில் விரல் ஊறுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள், ஊறிய பிறகு மாறுவது கடினம்.